பஸ் கதவுப் பேய்

எழுந்திரிக்காதீங்க அக்கா. அப்படியே படுத்திருங்க. இது ஸ்டாலுக்குப் பின்பக்கம், கம்ப்ரசர் வைத்திருக்கிற இடம். இங்கே பேய் கிடையாது. பேய் அந்தக் கருப்புத் துணிக்கு அந்தப் பக்கம் சீட்டில் உட்கார்ந்திருக்கு. நான் பேய் இல்லை. நான் மெக்கானிக். இந்தாங்க, சோடா.

ஏன் கண்ணை மூடிக்கிறீங்க? டார்ச் வெளிச்சம் கண்ணில் அடிக்குதா? சரி, என் தாடைக்குக் கீழே பிடிச்சுக்கிறேன். இப்போ பரவாயில்லையா?

இப்பவும் மூடுறீங்க. சரி, மூடிக்கிட்டே கேளுங்க. காதால் கேட்டால் போதும்.

எனக்கு ஒரே ஒரு உதவி வேணும். ஆறு மணிக்கு எங்க அப்பா வருவார். இப்போ அஞ்சரை. அவர் முன்னாடி நீங்க ஒரு வார்த்தை சொல்லணும், 'இந்தப் பிள்ளை செய்ததைப் பார்த்து நான் பயந்தேன்' என்று. அவ்வளவுதான். பொய் சொல்லச் சொல்லவில்லை. எனக்குப் பொய் பிடிக்காது. அதனாலேயே பள்ளிக்கூடத்தில் எனக்குச் சிநேகிதம் ரொம்பக் குறைவு. ஆனால் நீங்க பயந்தது உண்மை. பயப்படாதவங்க யாரும் இப்படித் தரையில் கிடக்கமாட்டாங்க.

உங்க வீட்டுக்காரரும் பிள்ளையும் ராட்டினத்து வரிசையில் நிற்கிறாங்க. டிக்கெட் கிழிக்கிற சகாயம் அண்ணன் பார்த்துட்டு வந்து சொன்னார். ஞாயிற்றுக்கிழமை, கடைசி நாள் வேற. வரிசை பெருசு. அவங்க வர்றதுக்கு எப்படியும் அரைமணி ஆகும். அதுக்குள்ளே முழுசாச் சொல்லிடுறேன்.

என் பேர் முத்துஜோதி. வயசு பதினேழு. பதினொண்ணாம் வகுப்பில் பாதியில் நின்றுவிட்டேன். நின்றுவிட்டேன் என்றுகூடச் சொல்லமுடியாது. பிசிக்ஸ் சார் மூணு வாரமாகக் காற்றழுத்தம் நடத்தினார். மூணு வாரமும் போர்டில் ஒரு பெட்டி வரைந்து அதுக்குள்ளே அம்புக்குறி போட்டார். நான் எழுந்து, "சார், ஒரு சைக்கிள் பம்ப் கொண்டுவந்தா அஞ்சு நிமிஷத்தில் முடிஞ்சிருமே" என்றேன். வெளியே போ என்றார். போனேன். எவ்வளவு தூரம் என்று அவர் சொல்லவில்லை. நான் வீடு வரைக்கும் போயிட்டேன்.

அது ஆச்சு நாலு மாசம்.

எங்க அப்பா பஸ் ஒர்க்‌ஷாப்பில் ஏர் லைன் பார்க்கிறவர். பிரேக், கதவு, காற்று சம்பந்தப்பட்ட எல்லாம். நானும் அங்கேயே போய் உட்கார்ந்தேன். அவருக்குப் பிடிக்கவில்லை. என்னை வேலைக்குச் சேர்த்துக்கோங்க என்றால், "ஏட்டி, நீ ஸ்கூலுக்குப் போ" என்பார். நான் மாட்டேன் என்பேன். அம்மா ரெண்டு பேரையும் திட்டுவாள். தினமும் ராத்திரி சோற்றுக்கு இதுதான் தொட்டுக்க.

அப்போதான் இந்தப் பொருட்காட்சி வந்தது. இந்தப் பேய் பங்களாவுக்கு முதலாளி கோமதிநாயகம் அண்ணாச்சி. வெளியே தொப்பி போட்டுக்கிட்டு மைக்கில் கத்துறாரே, அவர்தான். அவர்கிட்டே முன்னே மனுஷப் பேய் இருந்தது. சகாயம் அண்ணன். முகமூடி மாட்டிக்கிட்டு மூலையில் நின்று, ஆள் வந்ததும் குதிப்பார். பத்து வருஷமா அவர்தான் பேய். ஆனால் நம்ம ஆட்கள் பேயைப் பார்த்தால் என்ன செய்வாங்க? முதலில் ஒரு அறை. அப்புறம்தான் பயப்படலாமா வேண்டாமா என்று யோசிப்பாங்க. முதல் நாளே கல்லூரிப் பையன்கள் நாலு பேர் அவரைப் பிடித்துக் குத்தியிருக்காங்க. ஒருத்தன் முகமூடியைக் கழற்றி, "அண்ணே, நீங்களா? மன்னிச்சுக்கோங்க" என்று சொல்லிட்டு மறுபடி குத்தியிருக்கான்.

சகாயம் அண்ணன் அன்றைக்கே முகமூடியை அண்ணாச்சி கையில் கொடுத்துட்டார். "நான் டிக்கெட் கிழிக்கேன். இனி பேயா நிக்கமாட்டேன். பேய்க்கு உயிர் முக்கியம்" என்றார்.

அண்ணாச்சி பஸ் ஒர்க்‌ஷாப்புக்குத் தார்ப்பாய் கடன் கேட்க வந்த இடத்தில் இதைச் சொல்லிப் புலம்பினார். நான் சும்மா இருக்கவில்லை. "அடி வாங்காத பேய் ஒண்ணு செஞ்சு தாரேன் அண்ணாச்சி. காத்துல ஓடும். எத்தனை குத்து வேணாலும் தாங்கும்" என்றேன்.

அப்பா சிரித்தார். ஒர்க்‌ஷாப்பில் எல்லாரும் சிரித்தாங்க. எனக்குக் கோபம் வந்தது.

அப்பா என்னைப் பார்த்துச் சொன்னார்: "சரிட்டி. பந்தயம். நீ செஞ்சதைப் பாத்து ஒரே ஒரு ஆள் பயந்தேன்னு என் முன்னாடி வந்து சொல்லட்டும். உன்னை ஒர்க்‌ஷாப்பில் சேத்துக்கிடுதேன். பொருட்காட்சி முடியறதுக்குள்ள யாரும் சொல்லலைன்னா, திங்கக்கிழமை காலையில ரெட்டைச் சடை பின்னி ஸ்கூலுக்குப் போவணும். வாயைத் திறக்கப்பிடாது."

சரி என்றேன். ஒரே ஒரு ஆள்தானே!

ஒர்க்‌ஷாப்பில் ஒரு பழைய டவுன் பஸ்ஸை உடைச்சுக்கிட்டிருந்தாங்க. அதிலிருந்து முன் கதவைக் கழற்றினேன். ரெண்டாக மடங்குமே, அந்தக் கதவு. கதவைத் திறக்கிற ஏர் சிலிண்டரோட முழு செட். இன்னொரு கதவுச் சிலிண்டரை அதே பஸ் சீட்டு ஒண்ணுக்கு வைத்தேன். கதவு திறந்ததும் சீட்டு ரெண்டு அடி முன்னால் பாயும். சீட்டில் பேய். கம்ப்ரசர் பஞ்சர் கடையில் இரவல். டிரைவர் பக்கத்தில் திருகுற மாதிரி ஒரு வால்வு இருக்குமே, அது என் கையில். துணியில் ஓட்டை போட்டு ஆள் வர்றதைப் பார்த்துத் திருகுவேன்.

பேய்க்கு உடம்பு இரும்புப் பட்டை. தலை துணிக்கடைப் பொம்மையோடது. அதில்தான் ஒரு தொந்தரவு. துணிக்கடைப் பொம்மைகளை எல்லாம் சிரித்த முகமாகத்தான் செய்றாங்க. கண்ணைச் சிவப்பாக்கினேன், பல் வரைந்தேன், வாய் ஓரத்தில் ரத்தம் விட்டேன். என்ன செய்தாலும் 'வாங்க, என்ன பார்க்கணும்?' என்றுதான் அது பார்க்கிறது. போகட்டும். பாய்கிற வேகத்தில் முகத்தை யார் பார்க்கப்போறாங்க?

இதோ, நான் போட்டிருக்கிறது அப்பாவோட பழைய வெள்ளைச் சட்டை. ஆளைவிடப் பெருசு, முட்டி வரைக்கும் வருது. வேலை செய்யும்போது மேலே போட்டுக்கிட்டேன். சட்டையில் இருக்கிறதும் கையில் இருக்கிறதும் ரெட் ஆக்சைடு, துருப் பிடிக்காமல் இருக்க இரும்பில் அடிப்பாங்களே, அந்தச் சிவப்புப் பெயிண்ட். டப்பா என் மேலேயே கவிழ்ந்துட்டுது, இன்னும் காயலை. உங்க தோளில் கொஞ்சம் ஒட்டியிருக்கு, பாருங்க. அஞ்சு விரலும் பதிஞ்சிருக்கு. மண்ணெண்ணெய் போட்டால் போயிரும். அழாதீங்க, சேலைக்கு ஒண்ணும் ஆகாது.

வியாழக்கிழமை ஓட்டிப் பார்த்தோம். எட்டுக் கிலோ அழுத்தம் வைத்தேன். வால்வைத் திருகினேன். கதவு பட்டென்று திறந்தது. சீட்டு பாய்ந்தது. ரெண்டாவது அடியில் சீட்டு நின்றது. தலை நிற்கவில்லை.

அது தார்ப்பாய்க்கு மேலே போய் அடுத்த ஸ்டாலில் விழுந்தது. டெல்லி அப்பளக் கடை. நான் ஓடினேன். அப்பள மாஸ்டர் தலையை ஒரு தட்டில் வைத்துக்கொண்டு நின்றார். பயந்திருப்பார் என்று நினைத்தேன். "ஏம்மா, இது உங்க தலையா? மிளகாய்ப்பொடியில விழுந்துட்டு. தட்டிட்டு வச்சுக்கோ" என்றார். அப்புறம், "அப்பளம் வேணுமா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்து ஆகாயத்திலிருந்து தலை விழுந்த பிறகும் வியாபாரம் பார்த்த ஆள் அவர் ஒருத்தர்தான்.

தலையை போல்ட் போட்டு முறுக்கினேன். அழுத்தத்தை ரெண்டு கிலோவுக்கு இறக்கினேன். இப்போ கதவு முனகிக்கொண்டே திறந்தது. பேய் சாப்பிட்டுத் தூங்கி எழுந்த ஆள் மாதிரி மெல்ல மெல்ல முன்னால் வந்தது. முதல் பேட்ச்சில் வந்த ஒரு பெரியவர் கையை நீட்டி, "பைய, பைய. இடுப்புப் பிடிச்சிருக்கும் போல" என்று சொல்லிட்டுப் போனார்.

அப்புறம் அஞ்சு கிலோ. வெள்ளிக்கிழமை சாயங்காலம். அக்கா, அந்த அஞ்சு கிலோவில் அது ஓடினதை நீங்க பார்த்திருக்கணும். நீங்கதான் பார்த்தீங்களே. 'புஸ்ஸ்ஸ்' என்று காற்று, 'டடக்' என்று கதவு, அப்படியே பேய் முன்னால். ஒரு குறை சொல்ல முடியாது. நான் துணி ஓட்டையில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றேன். நாலு ஆம்பளைங்க வந்தாங்க. இருட்டு. திருகினேன். புஸ்ஸ்ஸ், டடக்.

நாலு பேரும் முன்னால் வந்தாங்க.

பின்னால் இல்லை. முன்னால். ஒருத்தர் கம்பியைப் பிடிச்சுப் படியில் காலை வச்சுட்டார். இன்னொருத்தர் பேயைப் பார்த்து, "ஆலங்குளம் நிக்குமா?" என்று கேட்டார். கடைசியில் நின்றவர், "உள்ள போங்கப்பா, உள்ள எடம் இருக்கு" என்று முன்னால் இருக்கிறவங்களைத் தள்ளினார்.

ஒரு நிமிஷம் கழித்துத்தான் அவங்களுக்கு இது பேய் பங்களா என்று ஞாபகம் வந்தது. அப்புறம் சிரிச்சாங்க.

அடுத்த பேட்ச். ஒரு அம்மா தன் பிள்ளையைத் தூக்கிப் பேய் பக்கத்தில் உட்காரவச்சுட்டாங்க. அது ரெண்டு பேர் சீட்டு. பிள்ளை பேயைத் தள்ளிக்கிட்டு, "எனக்கு ஜன்னல் பக்கம்" என்று அழுதது. ஜன்னலே கிடையாது அக்கா அங்கே! அதுக்கடுத்து கல்லூரிப் பையன்கள். சகாயம் அண்ணனைக் குத்தினாங்களே, அதே கூட்டம். என் பேயை என்ன செய்யப்போறாங்களோ என்று நான் ஸ்பேனரோடு நின்றேன். முதலில் வந்தவன் பேயோட நீள முடியைப் பார்த்ததும் சட்டென்று பின்னால் நகர்ந்து, "டேய், லேடீஸ் சீட்டுடா" என்றான். எல்லாரும் மரியாதையா ஒதுங்கிப் போனாங்க.

அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். "ஏ பிள்ள, நீ பேய் செஞ்சியா, டவுன் பஸ் செஞ்சியா?"

"பேய்தான் அண்ணாச்சி. பூரா கருப்புப் பெயிண்ட் அடிச்சிருக்கேன்லா?"

"அப்ப மேல 'படியில் நிற்காதீர்'னு எழுதியிருக்கே?"

"அது எழுத்து உள்ளே பதிஞ்சது. பெயிண்ட்ல மறையலை. யாரும் படிக்கப் போறதில்லை."

"நான் படிச்சேனே!"

எனக்கு இன்னும் புரியவில்லை அக்கா. பஸ்ஸிலிருந்து நான் எடுத்துக்கிட்டது என்ன? கதவு, சிலிண்டர், சீட்டு, படி, கைப்பிடிக் கம்பி, மேலே ஒரு சின்ன லைட்டு. அவ்வளவுதான். மத்ததெல்லாம் நான் செய்தது. இதைப் பார்த்து எப்படி ஒருத்தருக்கு பஸ் ஞாபகம் வரும்?

சத்தம்தான் காரணம் என்றார் சகாயம் அண்ணன். அந்த 'புஸ்ஸ்ஸ்' காதில் விழுந்தால் நம்ம ஊர்க்காரன் தூக்கத்திலும் ஏறுவான் என்றார். அதையும் சரி செய்து பார்த்தேன். காற்று வெளியே போகிற குழாயில் சாக்குத் துணியைச் சுற்றினேன். சத்தம் மாறியது. எந்த மாதிரி மாறியது என்று நான் சொல்லமாட்டேன். அடுத்த பேட்ச்சில் வந்த சின்னப் பிள்ளைகள் எல்லாம் மூக்கைப் பொத்திக்கிட்டுப் பேயைக் காட்டிக் காட்டிச் சிரிச்சாங்க. ஒருத்தன் அதுகிட்டே போய், "என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டான். சாக்கைப் பிடுங்கி எறிஞ்சேன்.

வெள்ளி முடிஞ்சது. ஒரு ஆள்கூட பயப்படவில்லை. வீட்டுக்குப் போனால் அம்மா என் யூனிஃபார்மை அயர்ன் பண்ணிக்கிட்டிருந்தாள்.

சனிக்கிழமை எனக்குப் பொறுமை போயிட்டுது. எனக்கு அது எப்பவுமே கொஞ்சம்தான். கம்ப்ரசர் பெல்ட் என் ரிப்பனை இழுத்துக்கிட்டுப் போயிட்டுது, முடி அதிலிருந்து இப்படித்தான் பறக்குது. கம்ப்ரசர் சத்தத்துக்கு மேலே மூணு நாள் கத்தி என் தொண்டை இப்படி ஆயிட்டுது. முகத்தில் கிரீஸ். இதுக்கு நடுவில் ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்ட் வர்றார். கதவு திறக்குது. அவர் பேயை ஏற இறங்கப் பார்த்துட்டு, "உங்களுக்குப் பாலிசி இருக்கா?" என்று கேட்டுட்டுத் தானே சிரிச்சுக்கிட்டுப் போறார்.

விடுவேனா? துணியை விலக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே போனேன். ரெண்டு கையிலும் ஸ்பேனர், அதனால் டார்ச்சை வாயில் கடிச்சிருந்தேன். முழங்கையால் அவர் முதுகைத் தட்டினேன். திரும்பினார். டார்ச்சைத் துப்பிட்டுக் கேட்டேன்: "ஏன் சார் பயப்படலை?"

அவ்வளவுதான் கேட்டேன். மரியாதையா, சார் போட்டு.

அவர் ஒரு சத்தம் போட்டார். அந்த மாதிரிச் சத்தம் பெரிய மனுஷங்ககிட்டே நான் கேட்டதில்லை. வாசல் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் அவர் தார்ப்பாய்க்கு அடியில் உருண்டு அப்பளக் கடை வழியாகப் போனார்.

அப்போதான் எனக்கு விளங்கியது.

கேளுங்க, இது முக்கியம். கம்ப்ரசரில் காற்று இருக்கு. வால்வைத் திறந்த உடனே சிலிண்டர் ஓடாது. காற்று குழாய் வழியாகப் போய்ச் சேரணும். குழாய் நீளமாக இருந்தால் நேரம் பிடிக்கும். பயமும் அப்படித்தான். என் மெஷின் பயத்தை உள்ளே அனுப்பிருது. அது ஆளுக்குள்ளே போய்ச் சேர ஒரு நிமிஷம், ஒண்ணரை நிமிஷம் ஆகுது. சரியாக நான் போய்க் கேட்கிற நேரத்துக்கு வந்து சேருது!

நம்பிக்கை இல்லையா? கணக்கு இருக்கு. ஏஜென்டுக்கு அப்புறம் ஒரு மாப்பிள்ளை, பொண்ணு. கதவைப் பார்த்து பொண்ணு, "ஏங்க, இது பாயிண்ட் டு பாயிண்ட் பஸ்ஸா?" என்று கேட்டாள். பயமே இல்லை. நான் பின்னால் போய், "எது பத்தலைன்னு சொல்லுங்க" என்றேன். மாப்பிள்ளை பொண்ணை விட்டுட்டு ஓடிட்டார். பொண்ணு அவரைத் தாண்டி ஓடிட்டாள். அப்புறம் மஃப்டியில் ஒரு போலீஸ்காரர். கதவு திறந்தபோது கொட்டாவி விட்டார். நான் கேட்டதும் பையிலிருந்து விசிலை எடுத்து ஊதிக்கொண்டே ஓடினார். மெஷின் திறந்தபோது பயப்படாத ஆட்கள் எல்லாரும் ஒரு நிமிஷம் கழித்துப் பயந்தாங்க. ஒருத்தர்கூடத் தப்பவில்லை. வேற என்ன காரணம் இருக்கமுடியும்?

அண்ணாச்சி ஓடிவந்தார். "ஏ பிள்ள, என்ன செஞ்ச?"

"ஒண்ணும் செய்யலை அண்ணாச்சி. காரணம் கேட்டேன்."

என்னை மேலேயும் கீழேயும் பார்த்தார். கொஞ்ச நேரம் யோசித்தார். "எல்லாருட்டயும் கேளு" என்றார்.

"எல்லாருட்டயுமா?"

"ஒரு ஆளை விடாத. கேக்கும்போது கிட்டப் போய்க் கேளு. ஜனங்க கருத்து நமக்கு முக்கியம்லா?"

நல்ல மனுஷர். எந்த முதலாளி இப்படி வாடிக்கையாளர் கருத்துக் கேட்கிறார்? கரண்ட் மிச்சம் பண்ணணும் என்று வெளியே போகிற வழியில் இருந்த பல்பையும் கழற்றினார். எனக்குத்தான் கஷ்டம், டார்ச்சை வாயிலேயே வச்சுக்கவேண்டியதாப் போச்சு.

சகாயம் அண்ணன் மட்டும் டிக்கெட் கிழிக்கிறதை விட்டுட்டு என்னையே பார்த்துக்கிட்டிருந்தார். "ஜோதி, உன்னை ஒருத்தரும் அடிக்கலையா?" என்று கேட்டார்.

"என்னை எதுக்கு அடிக்கணும்? நான் மெக்கானிக்."

"பத்து வருஷம்," என்றார். "பத்து வருஷத்துல எனக்கு இந்த மாதிரி ஒரு ஓட்டம் கிடைக்கலையே!" கண் கலங்கிட்டார். மெஷினைப் பார்த்துப் பொறாமை. மனுஷன்தானே.

ஆனால் எனக்கு என்ன லாபம் சொல்லுங்க? பயந்தவங்க எல்லாரும் ஓடிட்டாங்க. அப்பா முன்னாடி வந்து வாயால் சொல்லணும் என்பதுதானே பந்தயம்? நேற்று மட்டும் முப்பது பேருக்கு மேலே பயந்தாங்க. ஒருத்தரையும் பிடிக்கமுடியவில்லை. போலீஸ்காரரைத் துரத்திக்கிட்டு ராட்டினம் வரைக்கும் போனேன். அவர் இன்னும் வேகமா ஓடினார். பந்தயத்தைச் சொல்லிப் புரியவைக்கலாம் என்றால் யார் நிற்கிறாங்க?

அதனால்தான் அக்கா உங்களை விடமாட்டேன் என்கிறேன். ஓடாத ஒரே ஆள் நீங்கதான்.

உங்களை நான் ஓட்டை வழியாகப் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். கதவு திறந்ததும் மத்தவங்களை எல்லாம் முழங்கையால் தள்ளிட்டு முன்னால் வந்தீங்க. கைக்குட்டையை எடுத்துப் பேய் பக்கத்தில் இருந்த காலிச் சீட்டில் போட்டீங்க. இடம் பிடிச்சுட்டு, பேயைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளி உக்காருங்க, பிள்ளை வாரான்" என்றும் சொன்னீங்க. அந்த பேட்ச்சில் வந்த மத்தவங்க சிரிச்சதும் உங்களுக்கு வெட்கமாப் போச்சு. கைக்குட்டையை எடுக்காமலே போயிட்டீங்க. நான் அதை எடுத்துக் கொடுக்கத்தான் பின்னால் வந்தேன். சத்தியமா. வாயில் டார்ச் இருந்ததால் "ம்ம்ம்ம்" என்றுதான் கூப்பிட முடிஞ்சது. தோளில் கை வச்சேன். நீங்க திரும்பினீங்க. அவ்வளவு நேரமா உங்களுக்குள்ளே ஊர்ந்துக்கிட்டிருந்த பயம் சரியா அந்த நேரத்தில் வந்து சேர்ந்துட்டுது. பொத்தென்று விழுந்தீங்க.

இந்தாங்க கைக்குட்டை. ரெட் ஆக்சைடு பட்டுட்டுது. துவைச்சுக்கோங்க.

சத்தம் கேட்குதா? அப்பா பைக். ஆறு ஆகலை, அதுக்குள்ளே வந்துட்டார். வாங்கப்பா, இங்கே, கம்ப்ரசருக்குப் பக்கத்தில். அண்ணாச்சியும் வாறீங்களா? வாங்க. சாட்சி ஒருத்தர் கூட இருந்தால் நல்லதுதான்.

அப்பா, இவங்கதான். நான் ஒண்ணும் சொல்லிக்கொடுக்கவில்லை. நடந்ததை மட்டும்தான் சொன்னேன். அக்கா, இப்போ கண்ணைத் திறங்க. எங்க அப்பாவைப் பாருங்க. நிதானமாச் சொல்லுங்க. எதைப் பார்த்துப் பயந்தீங்க?

பேச்சு வரலையா? பரவாயில்லை. கையைக் காட்டுங்க, போதும்.

பார்த்தீங்களாப்பா! காட்டுறாங்க. மெஷினைத்தான் காட்டுறாங்க. மெஷின் எனக்கு நேர் பின்னாடி, துணிக்கு அந்தப் பக்கம். நான் குறுக்கே நிற்கிறதால் உங்களுக்குத் தெரியலை. இருங்க, நான் இடது பக்கம் நகர்ந்துக்கிறேன். இப்போ காட்டுங்க அக்கா.

இல்லை அக்கா, என்னை இல்லை. மெஷினை.

சரி, வலது பக்கம் வாறேன். இப்போ?

கை ஏன் அக்கா என் பின்னாலேயே வருது? மயக்கம் இன்னும் தெளியலை போல. அப்பா, என்ன சிரிக்கிறீங்க? எதுக்குத் தூணைப் பிடிச்சுக்கிறீங்க? பந்தயம்னா பந்தயம். 'நீ செஞ்சதைப் பாத்து ஒரே ஒரு ஆள்' என்று நீங்கதானே சொன்னீங்க? இவங்க பயந்தாங்களா இல்லையா? சொல்லுங்க.

என்னது? ஜெயிச்சுட்டேனா? நிஜமாவா?

நாளையிலிருந்து ஒர்க்‌ஷாப்புக்கு வரலாமா? கையெழுத்துப் போடுற நோட்டில் என் பேரும் இருக்குமா? அம்மாகிட்டே நீங்கதான் சொல்லணும். நான் சொன்னால் நம்பமாட்டாள்.

என்ன அண்ணாச்சி, நடுவில் நீங்க? ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பாதீங்க, அடுத்த மாசம் தூத்துக்குடிப் பொருட்காட்சிக்குப் பிள்ளையை என்கூட அனுப்புங்கன்னா என்ன அர்த்தம்? மெஷினைக் கொண்டுபோக லாரி வேணுமே. என்னது, மெஷின் வந்தாலும் சரி, வராட்டாலும் சரியா? பிள்ளை மட்டும் வந்தால் போதுமா? மெஷின் இல்லாமல் மெக்கானிக் எதுக்கு அண்ணாச்சி? பாருங்கப்பா, இவருக்கு எந்திரத்தைப் பற்றி ஒரு இழவும் தெரியலை. மைக்கில் கத்தத்தான் லாயக்கு. நான் வரமாட்டேன். எனக்கு ஒர்க்‌ஷாப் போதும்.

அக்கா! கேட்டீங்களா? ஜெயிச்சுட்டேன். எல்லாம் உங்களால்தான். நீங்க மட்டும் ஓடியிருந்தால் நாளைக்கு எனக்கு ரெட்டைச் சடைதான். உங்க கையைக் கொடுங்க, நானே தூக்கி விடுறேன். இருங்க, டார்ச் இடைஞ்சலா இருக்கு, வாயில் வச்சுக்கிறேன். ம்ம். ம்ம்ம்ம்?

அக்கா? அக்கா!

அப்பா, பார்த்தீங்களா? மறுபடியும் விழுந்துட்டாங்க. மெஷினை நான் தொடக்கூட இல்லை. வால்வு பூட்டியிருக்கு. சும்மா நினைச்சுப் பார்த்ததுக்கே இவ்வளவு பயம்னா, நான் எப்பேர்ப்பட்ட மெஷின் செஞ்சிருக்கேன் பாருங்க!